பதினொண்ணு போயாச்சு

“அவருக்கு ஞாபகம் போயிட்டிருக்கு சார். நான் சொன்னேன்னு மட்டும் அவர்கிட்ட சொல்லிடாதீங்க.”

சொல்லிவிட்டு அவள் கைப்பையின் வாரை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். இருபத்திரண்டு வருட மணவாழ்க்கையில், கணவரின் குறையை வெளியாள் ஒருவரிடம் அவள் சொல்வது இதுதான் முதல் தடவை.

ஹோட்டல் மேனேஜர் நாற்காலியில் சாய்ந்தார். “நினைச்சேன்மா. எல்லாருக்கும் தெரிஞ்ச பாட்டைத்தான் ஆரம்பிக்கிறாரு. நாலு அடி போனதும் நேர் ரோட்டை விட்டுட்டுச் சந்துல புகுந்துடறாரு. எங்கெங்கேயோ சுத்திட்டுத்தான் வீட்டுக்கு வந்து சேர்றாரு. கேட்டா, ஜாஸ் பியானோன்னா அப்படித்தான்கிறாரு.”

“அப்படித்தான் சார். ஆனா முன்னெல்லாம் இவ்வளவு சுத்த மாட்டாரு.”

போன மாதம் துவைக்கப் போட்ட சட்டையில் ஒரு குட்டி நோட்டு இருந்தது. மேலே ‘போனவை’ என்று எழுதியிருந்தார். கீழே வெறும் எண்கள். 19, 34, 47, 61... தனக்குத் தெரிந்த மெட்டுகளுக்கெல்லாம் எண் போட்டு வைப்பது அவர் பழக்கம். அவருடைய அப்பாவும் இப்படித்தான் ஒவ்வொன்றாக மறந்து, கடைசியில் மகன் பெயரையே மறந்தார்.

அவர் வீட்டிலேயே மறந்து வைத்துவிட்டுப் போன மூக்குக்கண்ணாடியைக் கொடுக்க ஒருநாள் அவள் இங்கே வந்திருந்தாள். ஆள் வராத நேரம். முதல்நாள் வகுப்புக்கு வந்த குழந்தை மாதிரி, ஓசை அதிகம் எழாமல், பியானோவின் ஒவ்வொரு கட்டையாக அழுத்தி, காதைத் தாழ்த்திக் கேட்டுக்கொண்டிருந்தார் அவர். அவள் கண்ணாடியை வரவேற்பறையில் கொடுத்துவிட்டு அழுதுகொண்டே திரும்பினாள்.

நேற்று ஷூவைக் கழற்றும்போது தனக்குள் முணுமுணுத்தார். “இன்னொண்ணும் போச்சு. பதினொண்ணு.” பிறகு டீ ஆறுவதுகூடத் தெரியாமல், சாப்பாட்டு மேசையில் பத்து விரலாலும் தட்டிக்கொண்டே இருந்தார்.

“என்னங்க?” என்றாள்.

“ஒண்ணுமில்ல.” எப்போதும் இதே பதில்தான். அதற்கு மேல் கேட்க அவளுக்குத் துணிச்சல் இல்லை. கேட்டால் நிஜமாகிவிடுமோ என்ற பயம்.

“இன்னும் ஆறு மாசம் அவரை வேலையில வெச்சுக்கங்க சார். அந்தக் கட்டை மேல கை இருக்கிற வரைக்கும்தான் அவர் அவரா இருப்பாரு. அதையும் பிடுங்கிட்டா மிச்சமும் போயிடும்.”

“என் கையில என்னம்மா இருக்கு? லாபி நடுவுல நீரூற்று ஒண்ணு இருந்துச்சே, ஞாபகம் இருக்கா? மோட்டார் மக்கர் பண்ணுதுன்னு வாயைத் திறந்தோம். மறுநாளே முதலாளி அதைப் பேர்த்து எறிஞ்சுட்டுப் பூந்தொட்டி வெச்சுட்டாரு. ரிப்பேர்ங்கற வார்த்தையே அவருக்கு ஆகாது. பொருளுக்கே அந்தக் கதின்னா, மனுஷனைப் பத்திக் கேக்கவே வேணாம்.” மேனேஜர் மணி பார்த்தார். “மூணு மணிக்கு வேற ஒருத்தர் வாசிச்சுக் காட்ட வர்றாரு. பெரிய மேடையெல்லாம் ஏறினவர்.”

அவர்கள் லாபிக்கு வந்தபோது, கறுப்புக் கோட்டு அணிந்த ஒருவர் பியானோ முன் முக்காலியை உயர்த்திக்கொண்டிருந்தார். கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு அவள் கணவரும் உள்ளே வந்தார். நாலு மணி வாசிப்புக்கு மூன்று மணிக்கே வந்துவிடுவது அவர் வழக்கம்.

“நீ இங்க என்ன பண்றே?”

“வந்து... உங்க கண்ணாடியை...”

“அது என் மூக்கு மேலதானே இருக்கு?” சிரிக்கப் போனவரின் பார்வை அவளைத் தாண்டிப் பியானோவுக்குப் போனது. முகம் வெளிறிவிட்டது.

“சார், வேணாம் சார்!” மேனேஜரிடம் கிட்டத்தட்ட ஓடினார். “என்ன சொன்னாலும் கேக்கறேன். நானே வாசிச்சுடறேன். வேற யாரையும் அதுல உட்கார வைக்காதீங்க!”

அவர் இப்படிக் கெஞ்சி அவள் பார்த்ததே இல்லை. சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள். “விடுங்க. வீட்டுக்குப் போலாம். உங்களுக்கு எது மறந்தாலும் நான் இருக்கேன்ல?”

“மறந்தாலுமா?” அவர் விழித்தார். “நான் எதை மறந்தேன்?”

அதற்குள் கோட்டுக்காரர் ஆரம்பித்துவிட்டார். அழகான விரல்கள், எல்லோருக்கும் பழகிய மெட்டு. இரண்டு அடி தேனாகப் போனது. மூன்றாவது அடியில் ‘டொக்’ என்றது. சுரம் இல்லை, வெறும் மரச் சத்தம்.

வாசித்தவர் புருவத்தைச் சுருக்கி மறுபடி தொடங்கினார். ‘டொக்... டொக்.’ டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

கோட்டுக்காரர் நிறுத்தினார். இடது கோடியிலிருந்து ஒவ்வொரு கட்டையாக அழுத்திக்கொண்டே வந்தார். அன்றைக்கு அவள் பார்த்த அதே மாதிரி. ஒவ்வொரு ‘டொக்’குக்கும் அவள் தன்னையறியாமல் ஒரு விரலை மடக்கினாள். பத்து விரலும் தீர்ந்த பிறகு இன்னொரு ‘டொக்’ மிச்சம் இருந்தது. பதினொண்ணு.

அவள் கணவர், நீரூற்று இருந்த இடத்துப் பூந்தொட்டியை ஒரு தடவை பார்த்துவிட்டு, கையும் களவுமாகப் பிடிபட்டவர் போலத் தலைகுனிந்து நின்றார்.

“நேத்து சாயங்காலம்கூட நல்லாத்தானே இருந்துச்சு!” என்று மேனேஜர் பதறினார். “இதோ, இவர்தானே மூணு வருஷமா தினம் வாசிக்கிறாரு!”

கோட்டுக்காரர் மெல்ல எழுந்தார். முக்காலியை விட்டு இரண்டடி தள்ளி நின்று, குனிந்த அந்தத் தலையையே பார்த்தார்.

“இதுலயா சார் வாசிச்சீங்க?”