ஓர் ஆள் நிற்கிற இடம்

"கையை இன்னும் ரெண்டு அங்குலம் தூக்குங்க ஐயா. உங்க பொண்ணு தோள் அந்த உயரத்துலதான் இருக்கு."

மொட்டை மாடியில் கோட்டும் சூட்டுமாக நின்ற பெரியவர் கையைத் தூக்கினார். கைக்குக் கீழே பெண் யாரும் இல்லை. ஒரு விளக்கு ஸ்டாண்டும், அதன் தலையில் சுற்றிய துண்டும்தான் இருந்தன.

போட்டோக்காரர் கேமராவுக்குப் பின்னால் குனிந்தார், வானத்தைப் பார்த்தார், நிமிர்ந்தார். "மேகம் விலகட்டும். ஒண்ணும் அவசரமில்லை."

உண்மையிலேயே அவசரமில்லாத வேலைதான். பெரியவர் முதன்முதலில் கடைக்கு வந்தது மண்டையைப் பிளக்கிற கோடையில். பையிலிருந்து ஒரு கல்யாணப் படத்தை எடுத்து மேஜை மேல் வைத்தார். புல்வெளி, மாப்பிள்ளை, மணப்பெண். அவளுக்கு இடப்பக்கம் ஓர் ஆள் நிற்கிற அளவுக்கு இடம் காலியாக இருந்தது. அந்தக் காலி இடத்தைப் பார்த்துத்தான் அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"இந்த இடத்துல என்னைச் சேர்க்கணும் தம்பி."

"பொண்ணு கல்யாணமா ஐயா? போக முடியலையா?"

"போகலை" என்றார் பெரியவர்.

போட்டோக்காரர் அதற்கு மேல் தோண்டவில்லை. படத்தின் கீழ் விளிம்பு மட்டும் கத்தரியால் கோணல்மாணலாக வெட்டப்பட்டிருந்தது. வேறு ஸ்டுடியோவின் பெயர் அச்சடித்த பகுதியாக இருக்கும், தன்னிடம் காட்டக் கூச்சப்பட்டு வெட்டியிருப்பார் என்று நினைத்துக்கொண்டார். தொழிலில் இதெல்லாம் சகஜம்.

பூதக்கண்ணாடியை எடுத்தவுடன் அவருக்கு வழக்கமான உற்சாகம் தொற்றிக்கொண்டது.

"இங்க பாருங்க. நிழல் கிட்டத்தட்ட ஆள் நீளத்துக்கே விழுது. அப்படின்னா சூரியன் தாழ்வா இருக்கு. சாயங்காலமோன்னு பார்த்தா, வெளிச்சம் மஞ்சளடிக்கலை, வெள்ளையா இருக்கு. நிழல் நீளம், வெளிச்சம் வெள்ளை. இந்த ரெண்டும் ஒண்ணா வர்றது பனிக்காலத்து நடுப்பகல்லதான்!"

பெரியவர் படத்தின் மேல் குனிந்தார். "ஓ... கல்யாணம் பனிக்காலத்துலயா நடந்துச்சு?"

போட்டோக்காரருக்குச் சுருக்கென்றது. பெற்ற அப்பாவுக்கு எந்த மாசம்னுகூடச் சொல்லாத மகளா?

"இப்பவே என்னை எடுத்து ஒட்ட முடியாதா தம்பி?"

"ஒட்டலாம். ஆனா கோடை வெயில் உச்சந்தலையில அடிக்கும். கண்ணு ரெண்டும் குழியாயிடும், மூக்கோட நிழல் மீசை மாதிரி உதட்டு மேல விழும். உங்க நிழல் உங்க காலுக்கடியிலேயே சுருண்டு கிடக்கும், பொண்ணோட நிழல் புல்லு மேல நீட்டிப் படுத்திருக்கும். அப்பாவும் மகளும் ஆளுக்கொரு சூரியனுக்குக் கீழே நிக்கிற மாதிரி ஆயிடும்."

"விளக்கு வெச்சு ஏதாவது..."

"நிழலை உத்துப் பாருங்க, லேசா நீலம் தெரியுதா? அது வானத்தோட நீலம். எங்கிட்ட இருக்கிற விளக்குல அதுக்கு நான் எங்க போறது?"

பெரியவர் கொஞ்சம் யோசித்தார். "பனிக்காலத்துலதான் நானும் இடம் மாறுறேன். முதியோர் இல்லத்துல ரூம் சொல்லியிருக்கேன். ஒரு ரூமுக்கு ரெண்டு கட்டில். எதிர்க் கட்டில்காரர் சுவர் பூராப் பேரன் பேத்தியா மாட்டி வெச்சிருக்கார். என் பக்கத்துச் சுவர்ல இது ஒண்ணாவது இருக்கணும். ஒட்டுவேலைன்னு அவர் கண்டுபிடிச்சுட்டா அசிங்கம் தம்பி. நான் காத்திருக்கேன்."

காத்திருந்தார். மாதம் ஒருமுறை, உச்சிப்பொழுதில் கடை வாசலில் வந்து நின்று, தன் நிழலைக் காட்டுவார்.

"எப்படி, வளர்ந்திருக்கா?"

"இன்னும் பாதி ஆள்தான் ஐயா. போயிட்டு அடுத்த மாசம் வாங்க."

குழந்தையின் உயரத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டவர்போல் தலையாட்டிவிட்டுப் போவார். அவரோடு வேறு யாரும் வந்து போட்டோக்காரர் பார்த்ததில்லை.

இன்று நிழல் முழுசாக வளர்ந்திருந்தது. மேகமும் விலகியது. குளிர்ந்த வெள்ளை வெயில் பெரியவரின் ஒரு கன்னத்தில் மட்டும் விழுந்தது.

"சிரிங்க ஐயா. பொண்ணு உங்களைப் பார்த்துத்தான் சிரிக்குது."

பெரியவர் துண்டு சுற்றிய ஸ்டாண்டைத் திரும்பிப் பார்த்தார். சிரிப்பு தானாகவே வந்தது. கூடவே கண்ணிலும் கொஞ்சம் தண்ணீர். போட்டோக்காரர் பொத்தானை அழுத்தினார்.

மூன்றாம் நாள் படம் தயார். இரண்டு நிழல்களும் ஒரே திசையில், ஒரே நீலத்தோடு, புல்லின் மேல் பக்கத்துப் பக்கத்தில் படுத்திருந்தன. பெரியவரின் கை மணப்பெண்ணின் தோளில் இருந்தது. பிறந்ததிலிருந்தே அங்கேதான் இருந்த மாதிரி இருந்தது.

"ஒட்டின இடம் எங்க தம்பி?"

"என்னைக் கேட்டா? எனக்கே தெரியலை!"

பெரியவர் படத்தைக் கண்ணுக்கு அருகில் வைத்துக்கொண்டு நெடுநேரம் நின்றார். அதைப் பார்த்த போட்டோக்காரருக்கு மனசு தாங்கவில்லை. இன்னொரு பிரதியை எடுத்து ஓர் உறைக்குள் போட்டார்.

"இது என் அன்பளிப்பு. பொண்ணுக்கு அனுப்புங்க. அப்பா பக்கத்துல நிக்கிறதைப் பார்த்தா எந்தக் கோபமா இருந்தாலும் கரையும், நீங்க வேணாப் பாருங்க." பேனாவைத் திறந்தார். "உறை மேல நானே எழுதறேன். பொண்ணு பேரு சொல்லுங்க."

பெரியவர் அந்தச் சிரித்த முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"தெரியலையே தம்பி. கடையில ஃபிரேம் வாங்கினப்பவே உள்ளே இருந்த பொண்ணு இது."