பவுடர் வாசனை

"ஏட்டி, பொண்ணு பாக்க வாராங்க. கொஞ்சம் பவுடராவது பூசேன்," என்றாள் கோமு.

"எத்தன தடவம்மா சொல்லுதது? நான் வேல பாக்குதது நிலாவுக்குப் போற ராக்கெட்டுக்கு எஞ்சின் பூட்டுத ரூமு. ஒரு தூசி ஆகாது. அந்த ரூமு வாசல்ல புதுசா ஒருத்தன் நிக்கான். மாஸ்க்குக்கு மேல கண்ணு மட்டுந்தான் தெரியும். பவுடர் வாசனைன்னு நேத்து என்னைத் திருப்பி அனுப்பிட்டான்," என்று எரிந்து விழுந்தாள் ப்ரீதா.

"இன்னைக்கு லீவுதானேட்டி," என்று கோமுவே பூசிவிட்டாள்.

மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். மாப்பிள்ளையின் நெற்றியில் திருநீறுகூட இல்லை.

"வேலைக்கு ஆகாதுன்னு பூசவே மாட்டேங்கான்," என்று அவன் அம்மா அலுத்துக்கொண்டாள்.

ப்ரீதா காபித் தட்டை நீட்டினாள். அவன் டம்ளரை எடுக்காமல் காற்றை முகர்ந்தான். அவள் நிமிர்ந்து பார்த்தாள். அதே கண்கள்.

"இந்தப் பவுடரோட நாளைக்கு வந்தீங்கன்னா, மறுபடியும் திருப்பித்தான் அனுப்புவேன்," என்றான்.