நாலாவது துடிப்பு

"அதான் ஊசி போட்டாச்சே, குழாயை எடுக்க வேண்டியதுதானே? கையைப் பிடிச்சுக்கிட்டு ரேகையா பார்க்கறீங்க?"

பெரிய சர்ஜன் தினமும் இப்படித்தான் கத்துவார். தசைகளைத் தளர்த்திய மருந்தை முறிக்க ஊசி போட்ட பிறகும், மணிக்கட்டில் வைத்த சின்னக் கருவி தரும் நான்கு மின்தூண்டலுக்கும் நோயாளியின் கட்டைவிரலில் நான்கு துடிப்பும் ஒரே பலத்தில் வரும்வரை மயக்க மருந்து டாக்டர் தொண்டையில் செருகிய சுவாசக் குழாயை எடுக்கமாட்டாள். முன்னாலேயே எடுத்தால் நோயாளிக்கு மூச்சுத் திணறலாம். நேற்று அவர், அவள் மந்தம் என்று புகாரே எழுதிக் கொடுத்துவிட்டார். தவறு தன்னிடம்தானோ என்று அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது.

இன்று அவசரமாக ஒரு குடல்வால் ஆபரேஷன். மேஜையில் படுத்திருந்தவர் அவள் கையை விடவில்லை.

"அவசரப்படாதீங்கம்மா. நாலு துடிப்பும் சரியா வந்தப்புறம் எடுங்க."

"பயப்படாதீங்க சார், நான் இருக்கேன்."

ஜூனியர் சர்ஜன் ஆபரேஷனை முடித்தார். அவள் முறிவு ஊசி போட்டாள். நாலாவது துடிப்பு இன்னும் சோர்ந்துதான் இருந்தது.

"இன்னைக்கு அதட்டக்கூட ஆளில்லை. எடுத்துடலாமே டாக்டர், அடுத்த கேஸ் காத்திருக்கு," என்றாள் நர்ஸ்.

"காத்திருக்கட்டும்."

பன்னிரண்டு நிமிடம் கழித்து நான்கும் ஒன்றுபோல் துடித்தன. கண் விழித்தவர், அவள் சொன்னபடி தலையைத் தூக்கி ஐந்து விநாடி நிறுத்தினார். குழாயை எடுத்தாள். அவர் நெஞ்சு நிறைய மூச்சிழுத்தார்.

"எவ்வளவு நேரம் ஆச்சு?" குரல் கரகரத்தது.

"பன்னிரண்டு நிமிஷம் சார். ரொம்ப லேட்டா?"

"அந்தப் புகாரைக் கிழிச்சுடச் சொல்றேம்மா," என்றார் பெரிய சர்ஜன்.