ஒன்பது நிமிடம் முன்னால்

பச்சிளங்குழந்தைகள் வார்டில் ஒவ்வொரு தொட்டிலுக்கு மேலும் ஒரு கேமரா உண்டு. குழந்தையின் முகச்சுளிப்பைப் பார்த்து, எவ்வளவு வலிக்கிறது என்று பத்துக்கு மதிப்பெண் போடும்.

"பெரியவங்க முகத்த இது கண்டுக்காது சிஸ்டர்," என்று அதை மாட்டியவர் சொல்லியிருந்தார்.

மூன்றாவது தொட்டிலின் கேமரா மட்டும் ஒன்பது நிமிடம் முந்திக்கொண்டது. குழந்தை நிம்மதியாகத் தூங்கும். திரையில் எட்டு வரும். ஒன்பதாவது நிமிடம், ரத்தம் எடுக்க டாக்டர் வந்து ஊசி குத்துவார். எண் வந்ததும் செவிலியர் ஹேமலதா குழந்தையைத் தட்டிக்கொடுப்பாள். அதற்கு மேல் அவளால் எதுவும் செய்ய முடிந்ததில்லை.

செவ்வாய்க்கிழமை அந்தக் குழந்தையை வீட்டுக்கு அனுப்பினார்கள்.

"போய்ட்டு வர்றோம் சிஸ்டர்," என்று சொல்லிவிட்டுத் தாய் தேவிப்பிரியா லாஸ்பேட்டைக்கு ஆட்டோ ஏறினாள்.

விரிப்பை மாற்ற ஹேமலதா காலித் தொட்டிலின்மேல் குனிந்தாள். திரையில் பத்து வந்தது. விலகினாள், எண் மறைந்தது. மறுபடி குனிந்தாள். பத்து.

அப்போது காலை மணி பதினொன்று. மற்ற ஐந்து குழந்தைகளும் தூங்கிக்கொண்டிருந்தன. அடுத்த ஆள் வரும்வரை வார்டை விட்டுப் போகக் கூடாது. வீட்டுக்குப் பேசிப் பார்க்கலாமென்றால் கைபேசி வெளியே அலமாரியில் இருந்தது. சுவரில் சாய்ந்து கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

பதினொன்று ஒன்பதுக்கு, கதவுக்கு வெளியே யாரோ செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது.