பாலைவனச் செடிக்கு ஒரு சொம்பு

மூணாவது செடியும் மண்டையப் போட்டுடுச்சு.

லாரி டிரைவர் அதை வேரோட பிடுங்கித் தூக்கிட்டு நேரா நர்சரிக்குப் போனாரு.

"யோவ், குழாய்ல பாதி நாள் காத்துதான் வருதுன்னுதானே பாலைவனச் செடி வாங்குனேன்? நீ சொன்ன மாதிரி பட்டினி போட்டுத்தான்யா வளர்த்தேன்!"

நர்சரிக்காரர் வேரை நசுக்கிப் பார்த்தாரு.

"அழுகிப் போச்சுண்ணே. இது பட்டினிச் சாவு இல்ல, குடிச்சுக் குடிச்சே செத்திருக்கு. யாரோ தினமும் தண்ணி ஊத்துறாங்க."

"எம் பொண்டாட்டி எனக்கே ஒரு வாய் தண்ணி தர மாட்டா. செடிக்கா ஊத்தப் போறா?"

பின்ன யாரு? டிரைவருக்கு மண்டை குடைஞ்சுது. நாலாவதா ஒண்ணு வாங்கி வாசல்ல நட்டாரு. மறுநாள் லோடை இன்னொருத்தர் தலையில கட்டிட்டு, விடிஞ்சதும் பொண்டாட்டியோட ஜன்னலோரம் பதுங்கிட்டாரு.

"ஆளு மட்டும் சிக்கட்டும். நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி கேக்குறேன்"னா பொண்டாட்டி.

எதிர் வீட்டுக் கதவு திறந்துச்சு. கையில சொம்போட அந்த வீட்டு அக்கா வந்தாங்க.

"இவங்களா! புருஷன் போய்ச் சேர்ந்து எட்டு மாசமா வெளிய தலையே காட்டல. நான் வலியப் போய்ப் பேசினாக்கூட வாயைத் திறக்கல. செடியக் கொல்ல மட்டும் கால் வருதா?"

"உஷ்!"

அக்கா செடிகிட்ட குத்துக்கால் போட்டு உக்காந்தாங்க.

"ஏண்டா இப்படி வெளிறிப் போய் நிக்கிற? வாசல்ல நட்டுட்டா போதுமா, ஒரு வாய் தண்ணி குடுக்க ஆள் இல்லையா உனக்கு? நான் இருக்கேன், குடி."

சொம்பைக் கவுத்தாங்க. அப்புறமும் எந்திரிக்கல. நேத்து சோறு குழைஞ்சது, முட்டி வலிக்கிறது, பூனை பாலைக் குடிச்சது, ஒண்ணு விடாம செடிகிட்ட சொன்னாங்க. நடுவுல ஒரு தடவ சிரிச்சாங்க.

பொண்டாட்டி கதவுப் பக்கம் பாய்ஞ்சா. டிரைவர் கையைப் புடிச்சு நிறுத்திட்டாரு.

"விடுங்க, இதுவும் சாகப் போகுது!"

"செத்தா சாகட்டும். நீ சத்தம் போடாத."

அக்கா வீட்டுக்குள்ள போனதும், நர்சரிக்குக் கிளம்பிட்டாரு.

"ஆளு சிக்குச்சாண்ணே? நல்லா டோஸ் விட்டீங்களா?"

"அதை விடுய்யா. வேற ஒரு செடி குடு. பார்க்க அதே மாதிரி காய்ஞ்ச மூஞ்சியா இருக்கணும். ஆனா தினமும் ஒரு சொம்பு ஊத்துனாலும் சாகக் கூடாது."