அரை டம்ளர் தண்ணீர்

சரக், சரக். செருப்பை இழுத்து இழுத்து நடக்கும் அந்தச் சத்தம் இன்றும் பின்னால் வந்தது. மாரிசெல்வி பக்கெட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஓட்டமும் நடையுமாகப் போனாள்.

தாராவியில் அந்தச் சந்துக்கே பொதுவான கழிப்பறை, நாலு வளைவு தாண்டி இருந்தது. வழியில் இருந்த ஒரே விளக்கும் மழை பிடித்த அன்றே கண்ணை மூடிவிட்டது. அவள் நின்று பார்த்தாள். பின்னால் சத்தமும் நின்றது. அவள் ஓடினாள். அதுவும் வேகமாக வந்தது.

கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. ஒரு கையால் கதவைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தவள் இடுக்கு வழியாகப் பார்த்தாள். தலையோடு நீலப் பிளாஸ்டிக் தாளைப் போர்த்திய ஓர் ஆள், முனைக் கம்பத்தடியில் நின்றுகொண்டிருந்தான். மழைக்குப் பாதித் தாராவி அப்படித்தான் போர்த்திக்கொள்ளும், யாரென்று கண்டது?

வீட்டுக்குள் நுழைந்த பிறகுதான் அவளுக்கு மூச்சே வந்தது. அவள் கால் கழுவிக்கொண்டிருக்கும்போது டீக்கடைக்கென்று போன மாமனார் வானமாமலை திரும்பி வந்து, நனைந்த செருப்பை வாசலில் கழற்றினார்.

“முப்பிடாதி, அவளச் சாப்பிடச் சொல்லு” என்றார், சுவரைப் பார்த்து.

கல்யாணமாகி வந்த இந்த இரண்டு மாதத்தில் அவர் மருமகளிடம் ஒரு வார்த்தை நேராகப் பேசியதில்லை. ஒற்றை அறையில் நாலு பேர் குடியிருந்தாலும் மரியாதை மரியாதைதான். எதுவானாலும் மாமியார் முப்பிடாதியம்மாள் வழியாகத்தான் போகும், வரும். மாரிசெல்வியும் அவர் முகத்தை நிமிர்ந்து பார்த்தவள் இல்லை.

“இந்தாட்டி, தண்ணி. ஒதடெல்லாம் வெடிச்சுக் கெடக்கு” என்று மாமியார் டம்ளரை நீட்டினாள்.

மாரிசெல்வி உதட்டை மட்டும் நனைத்துக்கொண்டு, மாமியார் திரும்பிய நேரம் பார்த்து மீதியைக் கொட்டிவிட்டாள். குடித்தால் போகவேண்டும். போனால் அவன் வருவான். காலையில் பெண்கள் கூட்டத்தோடு போய்விட்டு, பகல் முழுக்க அரை டம்ளரில் ஓட்டினாள். அப்படியும் பொழுது சாய்ந்ததும் ஒரு தரம் போகத்தான் வேண்டியிருந்தது.

துணைக்கு யாரைக் கூப்பிடுவது? மாமியாருக்கு முட்டி வலி. பக்கத்து வீட்டு ஆஸியா வேலை முடிந்து வர நேரமாகும். புருஷன் ராஜபாண்டிக்குக் கிங்ஸ் சர்க்கிளில் ஹோட்டல் வேலை, அவன் வரும்போது ஊரே அடங்கியிருக்கும். மூக்குக்கு மேல் கோபம் வருகிறவன் வேறு. சொன்னால் கத்தியோடு கிளம்பிவிடுவானே என்று, அவளுக்கு அதுவும் பயம்.

அடுத்த வாரம் அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டுவிட்டாள். காய்ச்சல் கொதித்தது. சிறுநீர் ரத்தமாய்ப் போனதைப் பார்த்ததும், செத்துவிடுவோம் என்றே நினைத்தாள்.

தாராவியிலேயே காலம் தள்ளித் தமிழும் கற்றுக்கொண்ட மராட்டிக்கார டாக்டரம்மா, வயிற்றை அமுக்கிப் பார்த்தார்.

“தண்ணி எவ்ளோ குடிக்கிறே?”

“அரை டம்ளர்.”

“ஒரு வேளைக்கா?”

“ஒரு நாளைக்கு.”

டாக்டரம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. “பாகல் ஹை க்யா, பைத்தியமா உனக்கு? தண்ணியும் குடிக்காம, வர்றதையும் அடக்கி வெச்சா இன்ஃபெக்‌ஷன் மேல ஏறாம என்ன செய்யும்? இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தா கிட்னியே போயிருக்கும். ஏன் குடிக்கல?”

மாரிசெல்வி மாமியார் தோளில் விழுந்து ஓவென்று அழுதுவிட்டாள். “சாயங்காலம் சண்டாஸுக்குப் போவும்போதெல்லாம் ஒருத்தன் பின்னாடியே வாரான் அத்தே. நான் வெளிய வார வரைக்கும் நிக்கான். பயமா இருக்கு.”

முப்பிடாதியம்மாள் அவளை அணைத்துக்கொண்டாள். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த வானமாமலையிடம்கூட அவள் மூச்சு விடவில்லை. “ஆம்பளைங்க காதுக்குப் போனா வெட்டுக்குத்துதான் ஆவும். இத நாம பாத்துக்கிடுவோம், நீ அழாத.”

காய்ச்சல் விட்ட பிறகு ஒரு சாயங்காலம், ஆஸியா வீட்டுக்குப் போய்வருவதாகச் சொல்லிவிட்டு முப்பிடாதியம்மாள் முதலில் கிளம்பினாள். முந்தானைக்குள் பூரிக்கட்டை இருந்தது. முட்டி வலியையெல்லாம் மறந்து, மூன்றாவது வளைவில் தண்ணீர் டிரம்முக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள்.

சற்று நேரம் கழித்து மாரிசெல்வி பக்கெட்டோடு நடந்தாள். இன்றைக்கு அவன் வராமல் போனால் நல்லது என்று இருந்தது அவளுக்கு.

சரக், சரக்.

அவள் டிரம்மைத் தாண்டினாள். பின்னால் நீலத் தாள் வளைவில் திரும்பியதுதான் தாமதம், பூரிக்கட்டை இறங்கியது. ஒன்று, இன்னொன்று.

“பொறுக்கிப் பயலே! ஒனக்குப் பயந்து எம் மருமவ ஒரு வாய் தண்ணி குடிக்காமச் சாவக் கெடந்தா, தெரியுமாலே?”

அந்த ஆள் ஓடவில்லை. ஓங்கிய கையைத் தடுக்கவும் இல்லை. அந்தப் பேச்சைக் கேட்டதும் அப்படியே மழைத் தண்ணீரில் உட்கார்ந்துவிட்டான். எட்டித் தொடும் தூரத்தில்தான் மாரிசெல்வி பக்கெட்டோடு நின்றாள். அவன் அவள் பக்கம் திரும்பாமல், சுவரைப் பார்த்துப் பேசினான்.

“அடிக்காதட்டி முப்பிடாதி... தனியாப் போறாளேன்னு தொணைக்குத்தான் வந்தேன். அவளத் தண்ணி குடிக்கச் சொல்லு.”