அளவு மாறிய கட்டில்

கட்டிலைத் தூக்கி வந்த இருவரும் மூன்று மாடி ஏறிய மூச்சிரைப்போடு கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார்கள். பள்ளிக்கூடம் கொடுத்திருந்த அந்த ஒற்றை அறை வீட்டில் டீச்சர் கட்டிலைச் சுற்றிச் சுற்றி வந்தாள். அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

பின்னே? வெளிநாட்டில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்க வந்து ஆறு மாதம் ஆகப்போகிறது. புரொபேஷன் முடிந்து வேலை நிரந்தரமானால்தான் எட்டு வயது மகளையும் கணவரையும் கூட்டிவர விசா கிடைக்கும். இல்லாவிட்டால் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான். கடிதம் கைக்கு வருவதற்கு முன்பே பள்ளிக்கூடத்துப் பெயரில் குழந்தைக் கட்டில் வந்து இறங்கினால் என்ன அர்த்தம்?

உடனே அக்காவுக்குப் போன் போட்டாள்.

அக்கா என்றால் கூடப்பிறந்த அக்கா இல்லை. ஆங்கிலப் பிரிவின் தலைவி. அந்தப் பள்ளியில் தமிழ் பேசும் இன்னொரு வாய் அவளுடையது மட்டும்தான். முதல் வாரம் பஸ் கார்டு வாங்கிக் கொடுத்தது, பாங்கில் கூட வந்து நின்றது, எந்தக் கடையில் கம்பளிப் போர்வை மலிவு என்று காட்டியது, எல்லாம் அவள்தான். புரொபேஷனில் இருப்பவர் தேறுவாரா மாட்டாரா என்று மேலிடத்துக்கு எழுதிக் கொடுப்பதும் அவள்தான்.

"அக்கா, கட்டில் வந்துருச்சு!"

"அதுக்குள்ளயா? சனிக்கிழமைக்கு அப்புறம்தானே கொண்டு வரச் சொல்லியிருந்தேன்?"

"வந்துருச்சுக்கா. ஆனா நாலு பக்கமும் கம்பி வெச்சு, தொட்டில் மாதிரி இத்துனூண்டு இருக்கு. என் பொண்ணு காலை மடக்கிப் படுத்தாக்கூட இதுல அடங்க மாட்டா."

அக்கா சிரித்தாள். "கடைக்காரன் அளவை மாத்தி அனுப்பியிருப்பான். அப்படியே ஓரமா இருக்கட்டும், நான் சொல்லி மாத்தித் தரேன். ஆமா, அந்த நோட்டு என்னாச்சு?"

நோட்டு என்பது அக்கா இட்ட வேலை. இனிமேல் புதிதாக வரும் ஆங்கில டீச்சர் யாரும் திண்டாடக் கூடாது, நீ பட்ட பாட்டையெல்லாம் எழுதிக் கொடு என்று சொல்லியிருந்தாள். டீச்சரும் நீல அட்டை போட்ட நோட்டில் முத்து முத்தாக எழுதினாள். பள்ளியின் பின்வாசலுக்கு எந்த பஸ், எட்டாம் வகுப்பின் கடைசி பெஞ்சை எப்படி வழிக்குக் கொண்டுவருவது, எந்தப் பாடத்தில் பிள்ளைகள் கொட்டாவி விடுவார்கள் என்று ஒன்று விடவில்லை.

வீட்டைப் பற்றியும் எழுதச் சொன்னாள் அக்கா. அதனால் வெந்நீர் ஹீட்டரின் முரண்டையும் வாசல் பூட்டின் முரண்டையும் சேர்த்து எழுதினாள். சாவியைப் போட்டதும் கைப்பிடியைப் பிடித்துக் கதவை மேலே தூக்கி, இடப்பக்கம் திருப்ப வேண்டும். இதைக் கண்டுபிடிக்க அவளுக்கே மூன்று வாரம் ஆயிற்று.

"நேத்தே உங்க மேஜையில வெச்சுட்டேன்க்கா."

"சமத்து. சனிக்கிழமை பத்து மணிக்கு ஆபீஸ்ல போய் உன் லெட்டரை வாங்கிக்கோ. எனக்கு வெளியில வேலை இருக்கு, நான் இருக்க மாட்டேன்."

"நீங்க மட்டும் இல்லேன்னா நான் என்ன ஆகியிருப்பேனோக்கா!"

"சீ, என்ன பேச்சு இது? என் கூடப்பிறந்தவளும் இங்கிலீஷ்தான் படிச்சா. உன்னைப் பாத்தாலே எனக்கு அவ ஞாபகம்தான் வருது."

டீச்சருக்குக் கண் கலங்கிவிட்டது. அன்று சாயங்காலமே ஊரில் இருந்த மகளிடம் போனில், "பெட்டியில என்னென்ன எடுத்து வெக்கணும்னு இப்பவே லிஸ்ட் போடுடி கண்ணு" என்று சொல்லிவிட்டாள்.

சனிக்கிழமை இருப்பதிலேயே நல்ல புடவையைக் கட்டிக்கொண்டு கிளம்பினாள். பஸ் நிறுத்தத்தில் நின்றபோதுதான் அசல் சான்றிதழ்களை வீட்டிலேயே வைத்துவிட்டது நினைவுக்கு வந்தது. தலையில் அடித்துக்கொண்டு திரும்பினாள்.

அலமாரியின் அடித்தட்டில் குனிந்து ஃபைலைத் தேடிக்கொண்டிருந்தபோது வாசலில் சாவி நுழையும் சத்தம் கேட்டது. கதவு மெல்ல மேலே தூக்கப்பட்டது. சாவி இடப்பக்கம் திரும்பியது. முதல் தடவையிலேயே திறந்துகொண்டது.

அந்த வித்தை தெரிந்தது அவளுக்கும் அந்த நோட்டுக்கும்தான்.

இளம்பெண் ஒருத்தி உள்ளே வந்தாள். இடுப்பில் ஒரு வயதுக் குழந்தை, கையில் விரித்த நீல நோட்டு. ஓரத்தில் இருந்த கட்டிலைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, குழந்தையை அதில் இறக்கிவிட்டாள். குழந்தை கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றது. அளவு கச்சிதமாக இருந்தது.

அலமாரிப் பக்கம் திரும்பியவள் டீச்சரைப் பார்த்துத் திடுக்கிட்டாள்.

மாடிப்படியில் காலடிச் சத்தம் ஏறி வந்தது. மூட்டுவலியால் ஒவ்வொரு மாடியிலும் நின்று மூச்சு வாங்கும் காலடி, ஆறு மாதமாகப் பழகிய காலடி. டீச்சர் அலமாரிக் கதவைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள்.

அந்தப் பெண் வாசலுக்கு ஓடிப்போய்ப் படியை எட்டிப் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

"ஏன்க்கா, வேலை வேண்டாம்னு ஊருக்குப் போயிட்டாங்கன்னு சொன்னியே, அந்த டீச்சர் இங்கதான் நிக்கறாங்க!"